ஞாயிற்றுக்கிழமை மட்டும்

அப்பா இறந்து ஒன்றரை வருஷம் வரை அவருடைய பீரோவை யாரும் தொடவில்லை. அம்மாவுக்கு மனசு வரவில்லை, எங்களுக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. போன டிசம்பரில் ஒரு நாள் காலையில் அம்மாவே சாவியை எடுத்து என் கையில் கொடுத்து, "பனி இறங்குறதுக்கு முன்னாடி ஸ்வெட்டரையெல்லாம் யாருக்காவது குடுத்துரலாம்ப்பா" என்றார். குன்னூர் வீட்டின் பின்னறையில் நிற்கும் இரும்பு பீரோ அது. மேல்தட்டில் ஸ்வெட்டர்கள், நடுவில் பி.எஃப். காகிதங்களும் பழைய ரேஷன் கார்டுகளும், அடித்தட்டின் மூலையில் சுருட்டி வைத்த ஒரு மஃப்ளர். மஃப்ளரை உதறப் போனபோது கனமாக இருந்தது. பிரித்தால் உள்ளே பச்சைக் கண்ணாடி பாட்டில். கழுத்தில் மெல்லிய சங்கிலி, சங்கிலியில் வெள்ளி நிறத்தில் வட்டத் தகடு. ஃபாபர்ஜே ப்ரூட், சவரம் முடித்துப் பூசிக்கொள்கிற வாசனை லோஷன். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. அப்பாவின் வாசனை என்று நான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். மனைவியிடம் சொல்லியிருக்கிறேன், பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். கோயம்புத்தூரில் லிஃப்டில் யாராவது அதைப் போல ஒன்றைப் பூசிக்கொண்டு வந்தால் இறங்க வேண்டிய மாடியில் இறங்காமல் நின்றிருக்கிறேன். மூடியைத் திருகி, மூக்கருகே கொண்டுபோனேன். முதலில் வார்னிஷ் மாதிரி ஒரு நெடி. அது அடங்கியதும் பவுடர் போல ஒரு இனிப்பு, சோம்பு வாசம் கொஞ்சம். நல்ல வாசனைதான். ஆனால் அப்பா அதில் இல்லை. யாரோ ஒரு வெளியூர்க்காரர் அறைக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது. அந்த ஏமாற்றம் சில வாரம் விடவில்லை. பாட்டில் கெட்டுவிட்டதா, என் ஞாபகம் கெட்டுவிட்டதா என்று மாறி மாறி யோசித்துக்கொண்டிருந்தேன்.

தேயிலை எதையும் குடித்துவிடும்

அப்பா டீ மேக்கர். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் ஒரு ஃபாக்டரியில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். கொழுந்து வந்து இறங்குவதிலிருந்து, வாட்டி, ரோலரில் போட்டு, பதம் வரும்வரை காத்து, டிரையரில் ஏற்றி, சலித்து, மூட்டை கட்டும்வரை அவர் பொறுப்பு. மலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கீழே இருப்பவர்களுக்காக ஒன்று மட்டும் சொல்கிறேன். டிரையரிலிருந்து வெளியே வரும் தேயிலையில் ஈரம் நூற்றுக்கு மூன்று பங்குதான் இருக்கும். அவ்வளவு காய்ந்த பொருள் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும், ஈரத்தோடு வாசனையையும் இழுக்கும். சீனாவில் மல்லிகைப் பூவோடு கலந்து வைத்தே மல்லிகைத் தேநீர் செய்கிறார்கள். நம் வீட்டில் டீத்தூள் டப்பாவைப் பெருங்காயத்துக்குப் பக்கத்தில் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அதனால் அப்பாவிடம் எந்த வாசனையும் இருக்காது. வாசனை சோப் கிடையாது, தலைக்குத் தைலம் கிடையாது. சளி பிடித்தால் அமிர்தாஞ்சன்கூடக் கிடையாது, வெறும் வெந்நீர் ஆவிதான். ஃபாக்டரியில் சலிக்கிற அறையில் வேலை பார்த்த அக்காமார்கள் பூவை வாசலில் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அது அப்பா போட்ட சட்டம். சாயங்காலம் அவர்கள் திரும்பும்போது அந்த ஆணிகளில் வாடிப்போன கனகாம்பரம் வரிசையாகத் தொங்கும். கொழுந்து ஏற்றுகிற வண்டியில் முந்தின நாள் உரமூட்டை ஏற்றியிருந்தால் அன்றைக்கு டிரைவருக்குக் கச்சேரிதான்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் எங்கள் மாமா 1981-ல் துபாயிலிருந்து முதல் லீவுக்கு வந்தபோது ப்ரூட் கொண்டுவந்தார். அம்மாவுக்கு நைலக்ஸ் சேலை, எனக்கு ஒரு கால்குலேட்டர், அப்பாவுக்கு அந்தப் பச்சை பாட்டில். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தகட்டை விரலால் தடவினார். "ஞாயித்துக்கிழமை போட்டுக்கறேன்" என்றார்.

அது எப்படி நடக்கும் என்று எனக்கு அணு அணுவாகத் தெரியும். ஞாயிறு காலை ஃபாக்டரி ஓடவில்லை என்றால் மட்டும். சவரம் முடித்து, முகத்தைக் கழுவித் துண்டால் ஒற்றிக்கொண்டு, இடது உள்ளங்கையில் சில சொட்டு. இரண்டு கையையும் சேர்த்து ஒரு தட்டு. கன்னம், கழுத்து, கடைசியாகக் காதுக்குப் பின்னால். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சு இழுப்பார். அந்த ஒரு மூச்சுதான் அவருடைய மொத்த ஆடம்பரம். அப்புறம் திண்ணையில் வெயிலுக்கு உட்கார்ந்து பேப்பர் படிப்பார், நான் போய் ஒட்டிக்கொள்வேன். திங்கட்கிழமை விடியற்காலை அவர் குளித்துவிட்டுப் போகும்போது ஒன்றும் மிச்சமிருக்காது.

பாட்டிலுக்குள் இருப்பது

ப்ரூட் 1964-ல் வந்தது. கார்ல் மான் என்பவர் உருவாக்கியது. ஃபாபர்ஜே என்றால் ரஷ்ய அரசருக்கு நகை முட்டை செய்த குடும்பம் ஞாபகம் வரும். இது அவர்கள் இல்லை, அந்தப் பெயரை எடுத்து வைத்துக்கொண்ட அமெரிக்க வாசனை கம்பெனி. 1960களின் கடைசியில் அதன் இயக்குநர் குழுவில் நடிகர் கேரி கிராண்ட்டே இருந்திருக்கிறார். 1989-ல் ஃபாபர்ஜேயை யுனிலீவர் வாங்கியது, அப்புறம் நாட்டுக்கு நாடு அந்தப் பெயர் வேறு வேறு கைகளுக்குப் போனது. ப்ரூட் இன்றும் கடையில் கிடைக்கிறது. அதைச் சொல்லித்தான் என் நண்பன் ஒருவன், "ஆன்லைன்ல ஆர்டர் போட்டா நாளைக்கே வந்துரும், இதுக்கு எதுக்குடா இவ்வளவு" என்றான். வருவதும் ப்ரூட்தான், பச்சைதான். ஆனால் எங்கள் வீட்டு மஃப்ளருக்குள் இருந்தது செய்யப்பட்ட விதத்தில் இன்று யாரும் செய்வதில்லை, செய்யவும் முடியாது.

அந்த வகை வாசனைக்கு ஃபூஜேர் என்று பெயர். பிரெஞ்சில் பெரணிச் செடி என்று அர்த்தம். 1882-ல் பாரிஸில் ஊபிகான் நிறுவனத்துக்காகப் பால் பார்க்கே செய்த ஃபூஜேர் ரொயாலில் தொடங்கிய வம்சம் இது. பெரணிக்குப் பெரிதாக வாசனை கிடையாது. ஊட்டி பூங்காவில் இருக்கும் பெரணி இல்லத்துக்குள் போய் நின்று பாருங்கள், ஈரமண் வாசம்தான் வரும். இல்லாத வாசனையை ஒருவர் கற்பனை செய்து கட்டியிருக்கிறார். லாவெண்டர், ஜெரேனியம், காய்ந்த வைக்கோலின் இனிப்பு உள்ள கூமரின், அடியில் ஓக் மரத்துப் பாசி. கூமரினை வில்லியம் ஹென்றி பெர்கின் 1868-லேயே ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார், அதை வாசனைத் திரவியத்தில் முதன்முதலில் துணிந்து போட்டவர்களில் பார்க்கேயும் ஒருவர். ப்ரூட் அந்த வம்சத்துப் பேரன்.

நின்றுபோனதற்குக் காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. அந்தக் காலத்துச் சவர லோஷன்களில் தாராளமாகப் போட்ட மஸ்க் ஆம்ப்ரெட் என்ற செயற்கைக் கஸ்தூரி, வெயில் பட்டதும் தோலில் புண்ணாக்குகிறது என்று கண்டுபிடித்துக் கைவிட்டார்கள். ஓக் பாசியில் அட்ரனால், குளோரோஅட்ரனால் என்று இரண்டு பொருள்கள் உண்டு, கடுமையான ஒவ்வாமை தரக்கூடியவை. முதலில் அளவைக் குறைத்தார்கள். 2017-ல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த இரண்டையும் தடை செய்தது, 2021-க்குப் பிறகு அவை உள்ள பொருள் அங்கே கடையில் இருக்கவே கூடாது. வாசனைப் பிரியர்கள் இதைப் பெரிய அநியாயம் என்று புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். நான் அவர்கள் கட்சி இல்லை. தினமும் முகத்தில் பூசுகிற பொருள் தோலைப் புண்ணாக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் ஒரு பெயர் மட்டும் நின்று, உள்ளே இருந்தது போய்விட்டால் அதைப் போய்விட்டது என்றே சொல்ல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிரான்ஸில் வெர்சாய் ஊரில் ஆஸ்மோதெக் என்று ஒரு காப்பகம் 1990 முதல் இருக்கிறது. நின்றுபோன வாசனைகளை இருட்டில், 12 டிகிரி குளிரில், ஆர்கான் வாயு நிரப்பி வைத்திருக்கிறார்கள். வாசனைக்கு எதிரி வெயில், வெளிச்சம், காற்று. குன்னூரில் வெயிலே படாத பின்னறை, இரும்பு பீரோ, மஃப்ளர். அப்பா அறியாமலே கிட்டத்தட்ட அதைத்தான் செய்திருந்தார்.

பழைய பாட்டிலில் முதலில் சாவது மேலே இருக்கும் எலுமிச்சையும் லாவெண்டரும். அந்த வார்னிஷ் நெடி அதன் அடையாளம். அடியில் இருப்பது சாகாது. இதைப் படித்த பிறகுதான் பாட்டிலை மறுபடி எடுத்தேன். ஒரு சொட்டு மணிக்கட்டில் வைத்துக்கொண்டு, முகராமல், வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன்.

ஒரு மணி நேரம் இருக்கும். அம்மா சமையலறையில் கறிக்குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். பட்டை, கிராம்பு, அப்புறம் ஒரு சிட்டிகை கல்பாசி. எண்ணெயில் அது விழுந்ததும் எழுந்த வாசனையும் என் கையில் இருந்த வாசனையும் ஒன்று. ஒன்று மாதிரி என்று சொல்லவில்லை. நான் கையைத் தூக்கி முகர்ந்தேன், சட்டியின் மேல் குனிந்து முகர்ந்தேன், திரும்பக் கையை. ஈரமரப்பட்டை, கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் மண், பழைய காகிதம். கல்பாசி வெறும் பாசி இல்லை, பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் லைக்கன். ஓக் மரத்தில் படர்வதும் லைக்கன்தான், தூரத்துச் சொந்தம். நம் சோலைகளில் மரத்தின் கிளை தெரியாத அளவு சாம்பல் பச்சையாகத் தொங்குகிறதே, அதே கூட்டம். செட்டிநாட்டுச் சமையலில் பிரியாணிக்குப் போடுவதை அந்த வாசனைக் கம்பெனிக்காரர்கள் ஆண்களின் கழுத்துக்குப் போட்டிருக்கிறார்கள்.

"என்னப்பா, கையையும் சட்டியையும் மாத்தி மாத்தி மோந்து பாக்கற" என்றார் அம்மா. கையை நீட்டினேன். முகர்ந்தார். அடுப்பைச் சின்னதாக வைத்தார். "இதை எங்க எடுத்த? அவரு தூக்கிப் போட்டுட்டார்னுல்ல நெனச்சேன்" என்றார்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு

எனக்கு அந்த ராத்திரி ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது ப்ரூட்டோடு சேர்ந்த ஞாபகமாக இல்லை, குளிரோடு சேர்ந்த ஞாபகமாக இருந்தது. 1986 ஜனவரி. எனக்குப் பத்து வயது. கோத்தகிரியில் ஒரு கல்யாண வரவேற்புக்கு நானும் அப்பாவும் கிளம்பினோம், அம்மா கைக்குழந்தையோடு வீட்டில். அப்பா கோட் போட்டிருந்தார். காலையில் பூசியது போதாதென்று கிளம்பும்போதும் பூசியிருந்தார். பஸ்ஸுக்கு நிற்கும்போது ஃபாக்டரியிலிருந்து ஒரு பையன் ஓடிவந்தான். டிரையர் நின்றுவிட்டது, ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது, பதத்துக்கு வந்த கொழுந்து தரையில் கிடக்கிறது.

பனிக்காலத்துக் கொழுந்து குறைவாகத்தான் வரும், ஆனால் வருஷத்திலேயே நல்ல தேயிலை அதில்தான். பகல் வெயில், ராத்திரி உறைபனி, அந்த இரண்டுக்கும் நடுவில் செடி மெதுவாக வளர்ந்து, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நீலகிரித் தேயிலைக்குப் பூ மாதிரி ஒரு மணம் வரும். ஏலத்தில் அதற்குத் தனி விலை. பதம் தாண்டினால் புளித்துப் போகும். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினார், ஏறக்குறைய ஓட்டம். ஃபாக்டரி வாசலில் எல்லாரும் அவருக்காகக் காத்து நின்றார்கள். வாசல்படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். வைத்த காலைத் திரும்ப எடுத்தார்.

விறகுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு குழாய் இருந்தது. கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார், சட்டையைக் கழற்றினார், பனியனையும். புல்லின் மேல் வெள்ளையாக உறைபனி பிடிக்கத் தொடங்கிய நேரம். வாட்ச்மேன் சோப்பை நீட்டினார், வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு டிரையர் அடுப்பிலிருந்து சாம்பல் கொண்டுவரச் சொன்னார். இரும்புச் சட்டியில் கொண்டுவந்தார்கள். அப்பா சாம்பலை அள்ளிக் கழுத்தில், கன்னத்தில், காதுக்குப் பின்னால் தேய்த்தார். பாத்திரம் தேய்ப்பது மாதிரி அழுத்தி. குழாயின் கீழ் குனிந்தார். நிமிர்ந்தபோது முதுகிலிருந்து ஆவி எழுந்தது, குண்டு பல்பின் வெளிச்சத்தில் எனக்கு அது புகை மாதிரி தெரிந்தது. மணிக்கட்டை முகர்ந்தார். மறுபடி சாம்பல், மறுபடி தண்ணீர். மூன்றாவது முறை என்னைக் கூப்பிட்டுக் கழுத்தைக் காட்டி, "வருதா பாரு" என்றார். வரவில்லை என்றேன். யாரோ கழற்றிக் கொடுத்த காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். நான் விறகுக் கட்டையின் மேல் அவருடைய துணிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துணியில் ப்ரூட் வாசனை இருந்தது, அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மிச்சத்தை அன்றைக்குச் சமையலறையில் அம்மா சொன்னார். டிரையர் ஓடி, பாதிக் கொழுந்து தப்பியது. மறுநாள் காலையில் வழக்கம்போல் வரிசையாகக் கோப்பை வைத்து ருசி பார்த்தபோது, அந்த ராத்திரித் தேயிலையில் ஏதோ ஒரு வாடை இருப்பதாக அப்பா சொல்லியிருக்கிறார். வேறு யாருக்கும் தெரியவில்லை. முதலாளியே வந்து குடித்துவிட்டு, அருமையாக இருக்கிறது என்றிருக்கிறார். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மூட்டைகளைத் தனியாக எடுத்து வைத்து, நல்ல கிரேடோடு சேர்க்காமல், சாதா விலைக்குத் தள்ளிவிட்டார். "வாடை இருந்துச்சா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. 'எனக்குத் தெரியுது'ன்னு ஒரே வார்த்தைதான். அதோட இதைத் தொடவே இல்ல" என்றார் அம்மா.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1981-லிருந்து 1986 ஜனவரி வரை, ஃபாக்டரி ஓடாத ஞாயிறுகள் மட்டும். பாதி பாட்டில்கூடத் தீரவில்லை. அதை வைத்துத்தான் அப்பாவுக்கு ஒரு வாசனை இருந்ததாக இத்தனை வருஷம் நான் நம்பியிருக்கிறேன்.

ஆனால் எனக்குத் தூக்கம் கெட்டது வேறொன்றால். தேயிலையின் மணம் எதனால் என்று தேடிப் படித்தேன். லினலூல், ஜெரானியால் என்று இரண்டு பொருள்கள் அதில் முக்கியம். பூ மாதிரி மணம் என்று சொல்வதில் பெரும்பங்கு அவற்றுடையது. லாவெண்டர் எண்ணெயில் லினலூல் நிறைய உண்டு. ஜெரேனியம் எண்ணெயில் ஜெரானியால் உண்டு. பாட்டிலில் இருந்ததும் கொழுந்தில் இருந்ததும் ஒரே பொருள்கள். அப்படியானால் அன்று காலை அப்பாவின் நாக்கில் பட்டது என்ன? சாம்பலுக்கும் தண்ணீருக்கும் தப்பித்து அவர் தோலில் ஒட்டியிருந்த ப்ரூட்டா? இல்லை, பனிக்காலத்துத் தேயிலை தானே கொண்டுவந்த மணமா? அந்த வருஷத்தின் மிக நல்ல தேயிலையையே, தன் குற்றம் என்று நினைத்து அவர் சாதா விலைக்குத் தள்ளியிருக்கலாம். அவர் இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேன். திண்ணையில் உட்கார வைத்து, பொறுமையாக, அப்பா, அது உங்கள் மேல் இருந்து வந்ததாக இருக்க வேண்டியதில்லை என்று சொல்லியிருப்பேன்.

ஜனவரியில் கோத்தகிரி போனேன். தங்கச்சி வீட்டுக்காரர் அங்கே ஒரு ஃபாக்டரியில் டீ மேக்கர். அப்பாவிடம் தொழில் கற்றவர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகர்ந்து பார்க்க வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருந்தேன். காரை நிறுத்தி இறங்கும்போதே வாசலுக்கு வந்துவிட்டார். கையில் கோப்பை, அன்றைக்குக் காலையில் எடுத்த தேயிலை.

"மச்சான், பாட்டில் வண்டியிலேயே இருக்கட்டும். நீங்களும் அங்கயே நில்லுங்க, நான் வர்றேன்."

முற்றத்தில் நின்று, மணிக்கட்டில் வைத்திருந்ததையும் கோப்பையின் ஆவியையும் மாற்றி மாற்றி முகர்ந்தேன். இரண்டும் வேறு வேறுதான். கையில் கல்பாசி, கோப்பையில் பச்சையும் வெயிலும். ஆனால் ஆவி முகத்தில் அடித்த முதல் நொடியில், இன்னதென்று பிரிப்பதற்கு முன்னால், ஒரு பூ இரண்டிலும் இருந்தது. அவரிடம் கோப்பையைக் கொடுத்து, கையையும் நீட்டினேன். கண்ணை மூடி முகர்ந்தார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"மாமா ஒண்ணும் தப்பா சொல்லலை மச்சான்" என்றார் கடைசியில். "தப்பு நடந்துச்சுன்னும் இதை வெச்சு சொல்ல முடியாது."

அப்புறம், உள்ளே போய் டீ குடிக்கலாம், ஆனால் முதலில் கையைக் கழுவிவிட்டு வாருங்கள் என்று குழாயைக் காட்டினார். தண்ணீர் விரலை வெட்டுகிற மாதிரி இருந்தது. இரண்டு முறை தேய்த்தும் போகவில்லை.

"மாப்பிள்ளை, அடுப்புல சாம்பல் இருக்கா?" என்று கேட்டேன்.